தாழ்ந்துபோன முற்றம்

எங்கள் வீட்டு முற்றத்தை ஐயா ஒரேயொரு முறைதான் அழகுபடுத்தினார். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக. அக்காவுக்கு அப்போது முப்பது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் போரால் குழம்பிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி ஒன்றும் வராது என்று அம்மா பயந்துகொண்டிருந்தா.

முற்றத்தின் நடுவில் எங்கள் பங்கர் இருந்தது. குண்டு போட விமானம் வந்தால் ஓடி ஒளிகிற குழி. மேலே பனங்குற்றியும் மண்மூடையுமாகக் கிடக்கும். அந்த மாதங்களில் சண்டை நின்றிருந்தது.

"வாற ஆக்கள் படலையைத் திறந்தோடனை உதையே பாக்கிறது?" என்றார் ஐயா.

"சண்டை முடிஞ்சுதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றா அம்மா.

"நீ சும்மா இரு."

ஒரே நாளில் குழியைத் தூர்த்தோம். போட்ட மண்ணை மிதித்து இறுக்க வேண்டும் என்று ஐயாவுக்குத் தோன்றவில்லை. வெங்காயம் நடுகிற மனிதர். மண்ணை இளக்கித்தான் அவருக்குப் பழக்கம். மேலே வெண்மணல் பரப்பினார். சுன்னாகத்துப் பெரியம்மா வீட்டில் முறித்து வந்த குரோட்டன் தடிகளை நான் வரிசையாக நட்டேன். சுற்றிவரச் சோடாப் போத்தல்களைக் கவிழ்த்துப் புதைத்தேன். இரண்டு கிழமையாகக் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவு அக்கறையாக அதற்குப் பிறகு நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

அவர்கள் வருகிற அன்று விடிய, முற்றத்தில் குழி இருந்த இடம் மட்டும் அரையடி தாழ்ந்து கிடந்தது. ஐயா மண் அள்ளிக்கொண்டு வருவதற்குள் மண்ணெண்ணெயில் ஓடுகிற கார் ஒன்று புகைத்துக்கொண்டு வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் இறங்கி, தாழ்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"உதிலை பங்கர் இருந்ததோ?"

"ஓம். இனி என்னத்துக்கு?" ஐயா சிரித்தார்.

"எங்கடை அவரும் போனமுறை சண்டை நிக்க உப்பிடித்தான் மூடினவர்."

அவ்வளவுதான் சொன்னா. அவவின் நெற்றியில் பொட்டு இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் தரகர் சைக்கிளை விட்டு இறங்காமலே படலையடியில் நின்று சொன்னார்: "பெட்டையிலை ஒரு குறையும் இல்லையாம். தேப்பன்ரை அவசரம்தான் பயமாக் கிடக்காம்."

ஐயா அதன்பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பவில்லை. பங்கரைத் திரும்பத் தோண்ட அக்காதான் மண்வெட்டியை எடுத்தா. நான் குறுக்கே போய் நின்றேன்.

"என்ரை குரோட்டனை வெட்டாதேங்கோ!"

அக்கா ஒவ்வொன்றாக வேர்மண்ணோடு கிளப்பி வேலியோரம் நட்டுத் தந்தா.

"போதுமே ராசா? இனித் தள்ளி நில்."

பின்னேரம் குழி அவவின் தலையை மறைத்துவிட்டது. மண்வெட்டிச் சத்தம் நின்று நெடுநேரமாகியும் அக்கா மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன்; முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குந்தியிருந்தா. களைப்பாக்கும் என்று நினைத்தேன். ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய்க் குழியின் விளிம்பில் வைத்துவிட்டு விளையாடப் போனேன்.