எல்லம்மா வீட்டு மயில்கழுத்துச் சுவர்

எல்லம்மா தன் நாத்தனார் பார்வதம்மாவுக்கு எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். ஊரில் மைன்ஸ், அதாவது தங்கச் சுரங்கம், மூடிய வருஷம் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் இட்லிக் குண்டானும் வாங்குவதற்காகக் கை நீட்டி வாங்கிய காசு அது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் யாரிடமும் கை நீட்டியது கிடையாது. ஆகவே மொத்த வாழ்க்கையிலும் இந்த ஒரே ஒரு கறைதான். கறை பட்ட இடம்தான் முந்தானையாகப் போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்காமல் என்ன? இட்லிக் கடை போட்ட மறு வருஷமே கொண்டுபோய் நீட்டினாள். "நமக்குள்ள இன்னா அண்ணி துட்டு? இருக்கட்டும்" என்று பார்வதம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தீபாவளிக்கு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தாள்; பாக்கு போனது, காசு வந்தது. பார்வதம்மாவின் மகள் கல்யாணத்தில் மொய்க் கவரில் சேர்த்து வைத்தாள். "இது மொய் அண்ணி, அது வேற" என்று பந்தி நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள் மகராசி. மகன் ரவிகுமாரை விட்டு போன் வழியாக அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அதே வழியாகத் திரும்பி வந்தது.

காரணம் லேசானது. எண்ணூறு ரூபாயை வாங்கிக்கொண்டால் எண்ணூறு ரூபாய்தான் கிடைக்கும். வாங்காமல் விட்டால் எல்லம்மாவின் வாழ்க்கை முழுவதும் கிடைக்கும். எல்லம்மா தங்க வளையல் போட்டால், "நல்லா கீது அண்ணி, எல்லாம் அந்த இட்லிக் குண்டான் புண்ணியம்" என்பாள். வீட்டுக்கு டைல்ஸ் போட்டால், "என் எண்ணூறு எவ்ளோ தூரம் வந்துட்ச்சி பாரு" என்று குனிந்து தடவிப் பார்ப்பாள். அவ்வளவு பிரியம்.

எல்லம்மாவின் வீட்டுக்காரர் ராஜப்பா, நந்திதுர்க் ஷாஃப்டில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் ஏறி இறங்கியவர். மைன்ஸ் மூடிய அன்றைக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலிக்கு ஒயர் மாற்றியபோது மட்டும் எழுந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்த எல்லம்மாதான் விடியற்காலை பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற ஜனத்துக்கு இட்லி போட்டுப் பிள்ளைகளைப் பட்டம் வாங்க வைத்தாள். பெங்களூரில் பாதிக் கட்டடம் அவள் இட்லியைத் தின்றவர்கள் கட்டியதுதான் என்பது அவள் கணக்கு. மீதிப் பாதி ஏன் ஒழுகுகிறது என்பதற்கும் அதுவே அவள் விளக்கம்.

இந்த வருஷம் ரவிகுமார் தன் ஆபீசில் வேலை பார்க்கும் மம்தாவைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். பெண்ணின் அப்பா அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. எல்லம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். சம்பந்தி வீட்டார் முன்னால், "ஒருத்தர் தயவு இல்லாம வந்தவ நான்" என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, யாரும் தொண்டையைச் செருமாமல் சொல்லி முடிக்க வேண்டும். ஆனால் நாத்தனாரைக் கூப்பிடாமல் சம்பந்தம் பேச முடியுமா? முறை என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப்போன முறை.

முதலில் வீட்டை அழகு பண்ண வேண்டும். அங்கேதான் முன்சுவர் குறுக்கே வந்தது.

அந்தச் சுவர் எல்லம்மாவின் சாமர்த்தியத்துக்குச் சாட்சி. கட்டும்போது மேஸ்திரி ஆற்று மணல் கேட்டான். "எதிர்ல மலை மாதிரி மணல் கீது, கண்ணு தெரியலையா?" என்று எல்லம்மா சயனைட் மேட்டைக் காட்டினாள். தங்கத்தை அரைத்து எடுத்தபின் மைன்ஸ்காரன் கொட்டிவிட்டுப் போன சக்கை மண். மாவு போல நைஸாக இருக்கும், காசும் கிடையாது. "அதுல பூசினா நிக்காதும்மா" என்றான் மேஸ்திரி. "நீ படிச்சவனா, நான் படிச்சவளா?" என்று கேட்டாள். இரண்டு பேருமே படிக்கவில்லை என்பதால் சம்பளம் கொடுக்கிறவள் பேச்சு ஜெயித்தது. ராவோடு ராவாக நாலு மூட்டை வந்தது. சுவரும் எழும்பியது.

அன்றிலிருந்து அந்தச் சுவர் எந்தப் பெயிண்டையும் வைத்துக்கொண்டதில்லை. மழை பெய்தால் கொப்புளம், வெயில் அடித்தால் வெள்ளையாக உப்புப் பூ. "அது டிசைன்" என்று எல்லம்மா வருகிறவர்களிடம் சொல்வாள்.

மகள் ஷில்பா போனைப் பார்த்து வீட்டை அலங்கரிக்கும் வித்தை கற்றவள். சுவரைச் சுரண்டி மயில்கழுத்துக் கலர் அடித்தாள். ஒரு வாரத்தில் மயிலுக்கு அம்மை போட்டது. உடனே பெங்களூரிலிருந்து நூல் முடிச்சுப் போட்ட தோரணங்களை வரவழைத்து, கொப்புளத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டாள்.

"இன்னாடி இது, மீன் வலையா?"

"அம்மா, சும்னே இரு. இதான் இப்ப ட்ரெண்டு."

"ட்ரெண்டா? இந்தக் காசுக்கு நெஜ வலையே வாங்கி பேத்தமங்கலா ஏரியில போட்டிருந்தா கொழம்புக்காவது ஆயிருக்கும்."

அதன் பக்கத்தில் போன கிறிஸ்துமஸுக்கு மாட்டிய நட்சத்திரமும் தொங்கியது. எல்லம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனாலும் தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரியும்போது தன் வீடு மட்டும் கரண்டு கட்டாதது போல் இருட்டாக நிற்க அவள் சம்மதிக்கவில்லை. வாங்கியதை வருஷம் முழுக்க எரிய விட்டால்தானே காசுக்குப் பலன்?

சுவரின் காலடியில் மேக்ஸ்வெல் படுத்திருப்பான். எல்லம்மாவின் அப்பா பாலகாட் சுரங்கத்தில் வேலை செய்த நாளில் அந்தப் பேரில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தானாம். அப்பாவைக் கடைசி வரை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டானாம். அதனால் எல்லம்மா வளர்க்கும் ஒவ்வொரு நாய்க்கும் மேக்ஸ்வெல் என்றுதான் பெயர். "மேக்ஸ்வெல், வெளிய போடா!" என்று தினம் சொல்லும்போது அப்பாவின் ஆத்மா குளிரும் என்பது நம்பிக்கை. இப்போதைய மேக்ஸ்வெல் மீந்த இட்லியைத் தின்று தின்று இட்லி வடிவத்துக்கே வந்துவிட்டவன். குரைப்பது உடம்புக்கு ஆகாது.

பார்வதம்மாவிடமும் ஒரு செல்லம் உண்டு. பேபி என்ற வெள்ளாடு. பால் புட்டி கொடுத்து வளர்த்தது, கழுத்தில் மணி, குளிருக்கு மஃப்ளர். அந்த ஆடு தினம் விடிந்ததும் எல்லம்மா வீட்டு முன்சுவரைத் தேடி வந்து, பூத்திருக்கிற உப்பை நக்கும். பெயிண்டும் கூடவே வரும்.

"வேவு பாக்க ஆட்டை அனுப்பறா" என்பாள் எல்லம்மா.

"சயனைட் மண்ண நக்கியும் சாவாம கீதே, வளத்தவளோட குணம்" என்பார் ராஜப்பா, தன் சொந்தத் தங்கச்சியைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லம்மா விடியலிலேயே மஞ்சள் சோறும் கைமா உருண்டைக் குழம்பும் வைத்தாள். பக்கத்து லைன் வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய லாய்ட் வீட்டம்மா கற்றுக்கொடுத்த சமையல் அது. எல்லம்மா சோம்பை ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டாள். அன்றிலிருந்து அது எல்லம்மா கண்டுபிடித்த சமையல். ஷில்பா மேக்ஸ்வெல்லுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிச் சுவரோரம் படுக்க வைத்தாள். கல்யாணம் அவனுக்குத்தானோ என்று தெருவே பார்த்தது.

மம்தாவின் அப்பா ஸ்ரீநிவாஸும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். பார்வதம்மா அவர்களுக்கு முன்பே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்திருந்தாள். ஸ்ரீநிவாஸ் ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"ஏனம்மா இது, ஹோட்டல்ல கூட இப்படிக் கிடைக்காது! எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

இதற்காகத்தானே எல்லம்மா காத்திருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு சார் கத்துக் கொடுப்பாங்க? எல்லாம் நானா வந்தது. மைன்ஸ் மூடினாங்க, இவர் உக்காந்துட்டாரு. நான் எழுந்தேன். ஒருத்தர் தயவு இல்ல, ஒருத்தர்கிட்ட ஒரு ரூபா..."

பார்வதம்மா தொண்டையைச் செருமினாள்.

"அண்ணி நெஜமாவே கெட்டிக்காரங்க சார்" என்றாள், தேன் வடிய. "ஆரம்பத்துல ஒரு எண்ணூறு..."

வெளியே பேபியின் மணி கேட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆடு வழக்கம்போல நக்க வந்தது. உப்பு இருந்த இடத்தில் எல்லாம் தோரணம் தொங்கியது. ஒன்றைப் பல்லால் பிடித்து இழுத்தது. ஆணியும் தோரணமும் ஒரு முறம் பூச்சும் பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மேக்ஸ்வெல்லின் தலையில் விழுந்தன. பிறந்ததிலிருந்து ஒரு எறும்பைக்கூட அதட்டாத மேக்ஸ்வெல், கண்ணை மூடிய வலைக்குள்ளிருந்தே எட்டியதைக் கடித்தான். எட்டியது பேபியின் காது.

ஆடு கத்திய கத்தலுக்கு முன்னால் பழைய மைன்ஸ் சங்கு எம்மாத்திரம். பார்வதம்மா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஐயோ என் கொழந்தை காது! ரத்தம் வருது! சீழ் புடிச்சா யாரு பொறுப்பு? நாய்க்கடி ஊசி போடணும்!"

"மேக்ஸ்வெல்லுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு அத்தை" என்றாள் ஷில்பா.

"அவனுக்குப் போட்டா இவளுக்கு எப்படிடி ஏறும்?" பார்வதம்மா திரும்பினாள். "டாக்டர் வந்தா ஆயிரம், ஊசி மருந்து ஐநூறு. எடுங்க அண்ணி! இப்பவே எடுங்க!"

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள்.

சம்பந்தி வீட்டார் வாசல் வரை வந்து நின்று பார்த்தார்கள். ரவிகுமார் அவமானத்தில் சுவரோடு சுவராக நின்றான்; மயில்கழுத்து அவன் சட்டையில் ஒட்டியது. எல்லம்மா மட்டும் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். தீபாவளிக்கும் திறக்காத கை, மகள் கல்யாணத்துக்கும் திறக்காத கை, ஒரு ஆட்டுக் காதுக்காக உள்ளங்கை தெரிய விரிந்திருந்தது.

உள்ளே போய் அரிசி டின்னுக்குள்ளிருந்து சுருக்குப் பையை எடுத்து வந்தாள். ஒரு நொடி தயங்கினாள். சம்பந்திகள் காதில் விழாமல் இதைச் செய்ய வழியே இல்லை. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திச் சொன்ன கதையைத் தன் வாயாலேயே உடைக்க வேண்டும். சரி, போகட்டும். சுவரே உடைந்துவிட்டது.

"சார், நல்லா கேட்டுக்குங்க" என்றாள் உரக்க. "மைன்ஸ் மூடின வருஷம் நான் இவகிட்ட எண்ணூறு ரூபா வாங்கினேன். ஸ்டவ்வுக்கும் இட்லிக் குண்டானுக்கும். வாங்கலைன்னு சொன்னது பொய். நூறு."

நூறு ரூபாய் நோட்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"இன்னா அண்ணி இது?"

"எரநூறு. முந்நூறு."

"அது இருக்கட்டும் அண்ணி! நமக்குள்ள இன்னா துட்டு? நான் கேட்டது பேபிக்கு..."

"பேபிக்கு மேல வருது. நானூறு. ஐநூறு. கீழ கீறதை வாங்காம மேல கீறதை எப்படி வாங்குவ? கைய மூடினேன்னா ரெண்டும் கெடையாது. அறுநூறு."

பார்வதம்மாவின் விரல்கள் பாதி மடங்கின. பேபி ஒருமுறை கத்தியது. ஸ்ரீநிவாஸின் மனைவி, "பாவம், ஆட்டுக்கு ரத்தம் நிக்கலையே, வாங்கிக்குங்கம்மா" என்றாள். விரல்கள் மறுபடி விரிந்தன.

"எழுநூறு. எண்ணூறு. தீர்ந்திச்சா? வாயால சொல்லு."

"தீர்ந்திச்சி" என்றாள் பார்வதம்மா. அவள் வாழ்நாளில் இவ்வளவு சின்னக் குரலில் பேசியதை யாரும் கேட்டதில்லை.

"வட்டி வேணுமா?"

பார்வதம்மா இடது கையால் பேபியின் காதைப் பொத்தினாள்.

"வேணாம்னு எடுத்துக்கறேன். இது டாக்டருக்கு." இரண்டு ஐநூறு விழுந்தது. "இது ஊசிக்கு." இன்னொரு ஐநூறை நீட்டியவள் பாதியில் நிறுத்தி, பெயர்ந்து கிடந்த சுவரைப் பார்த்தாள். ஆட்டின் உதட்டில் ஒட்டியிருந்த மயில்கழுத்துப் பெயிண்டையும் பார்த்தாள். காசில்லாமல் கிடைத்தது என்று அன்றைக்கு நினைத்த சக்கை மண் சும்மா வரவில்லைதான்; அதன் விலையைத்தான் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறாள். பெருமூச்சு விட்டு, அந்தக் கடைசி நோட்டையும் விரிந்த உள்ளங்கையின் மேல் வைத்து, பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.