இல்லாத முயலும் முள்கம்பி வேலியும்

என் கைப்பேசியில் நான்கு நிமிடம் ஓடும் ஒரு வீடியோ இருக்கிறது. முதல் நாற்பது விநாடி ஒரு நாய். மீதி முழுக்க டெக்சாஸ் வானம். அந்த வானத்துக்குப் பின்னணியாக ஓர் ஆண் குரல், "அம்மா... ஐயோ அம்மா... சாரிடா, சாரிடா" என்று அழுதுகொண்டே இருக்கும். இரண்டு பட்டமும் ஒரு குடியுரிமையும் வாங்கிய குரல். என்னுடையதுதான்.

நாய் என்னுடையது இல்லை. டெக்சாஸ் ஊரான பேர்லேண்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர். என் மனைவி முகத்துக்கு நேரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வீட்டுக்குள் வந்ததும் 'அங்கிள்' என்பாள். நானும் அங்கிள் என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் பேசுவது எதையோ மென்றுகொண்டே பேசும் டெக்சாஸ் ஆங்கிலம். அதை இங்கே என் தமிழில்தான் தர முடியும்.

அவருடைய நாய் கறுப்பு லாப்ரடார், ஏழு வயது. வேட்டை நாய் என்றதும் பாய்ந்து குதறுகிற நாயை நினைக்கக் கூடாது. இது துப்பாக்கிக்காரர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சுடப்பட்ட புறா எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். 'போ' என்றால் போய், இறகு கசங்காமல் கவ்வி வந்து கையில் கொடுக்கும். வீட்டில் தட்டைக் கழுவி வைக்கச் சொன்னால் நான்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை.

அந்த மே மாதம் அங்கிளுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செப்டம்பரில் புறா வேட்டை சீசன். அதுவரை நாய்க்குப் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க, சனிக்கிழமைகளில் அவருடைய நண்பரின் பண்ணை நிலத்துக்கு அதைக் கூட்டிப்போக யாராவது வேண்டும். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். அலுவலகத்தில் யாரும் எடுக்காத வேலைக்கு இப்படித்தான் கை தூக்குவேன், பிறகு செய்ய மாட்டேன். அங்கிளுக்கு அது தெரியாது.

அவர் நடக்க உதவும் வாக்கரைப் பிடித்தபடி நின்று பாடம் எடுத்தார். கையில் ஒரு விசில். நீளமாக ஒரு ஊதல் என்றால் உட்கார். குட்டிக் குட்டியாக மூன்று ஊதல் என்றால் வா. எறிய, கான்வாஸில் தைத்த ஒரு சின்ன உருளை, புறாவுக்குப் பதிலாக. கடைசியாகக் கம்பி வெட்டும் குறடு ஒன்றைக் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"முள்கம்பி வேலிக்கு. நாய் கம்பியைத் தாண்டும்போது பின்னங்கால் மேல் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவுல போயிடும். உடம்பு அந்தப் பக்கம் விழும், கால் முறுக்கிக்கும். அப்போ குறடு இல்லேன்னா உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. இவன் தாண்ட மாட்டான். வேலிகிட்ட வந்தா உட்கார்ந்துடுவான், அப்படிப் பழக்கி இருக்கேன். நீதான் நடந்து போய், கீழ்க் கம்பியைத் தூக்கிப் பிடிச்சு, அவனை அடியில விடணும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, நெய்பர். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது விசிலைத் தொடாதே."

"காட் இட், காட் இட்" என்றேன். வாரக் கூட்டங்களில், எதுவும் மண்டையில் ஏறாதபோது நான் சொல்லும் வார்த்தை.

மூன்று சனிக்கிழமைகள் நன்றாகவே போயின. நான் ஊதினால் நாய் உட்கார்ந்தது, ஊதினால் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் சொல்லுக்கு ஓர் உயிர் கட்டுப்பட்டது. தலை கனக்காமல் என்ன செய்யும்?

நான்காவது சனிக்கிழமைக்கு முந்தைய வாரம், எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் சன்னிவேல்காரன் ஒருவன் மாரத்தான் ஓடி முடித்த பதக்கத்தோடு படம் போட்டிருந்தான். சான் ரமோன்காரன் பனிமலை உச்சியில் நின்றான். நாற்பத்தேழு வயதில் என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் இருக்கிறது. பிறகு நினைவுக்கு வந்தது, நாய் இருக்கிறது. கறுப்பு நாய், காலை வெயில், பரந்த புல்வெளி, என் விசிலுக்கு அம்பு மாதிரிப் பாய்ந்து வரும் காட்சி. 'டெக்சாஸ் வாழ்க்கை, மாப்ளே' என்று கீழே ஒரு வரி. வரியைத்தான் முதலில் யோசித்து வைத்தேன்.

அன்றைக்குப் புது வெள்ளை ஷூ வேறு போட்டிருந்தேன். குறடு காரிலேயே, காப்பிக் கோப்பை வைக்கும் குழியில் கிடந்தது. அதைப் பையில் போட்டால் பேண்ட் ஒரு பக்கம் தொங்கி வீடியோவில் அசிங்கமாக இருக்குமாம்.

உருளையை எறிந்தேன். பந்துவீச்சாளன் என்ற நினைப்பில் வீசியதில் அது வேலியைத் தாண்டி அடுத்த வயலில் விழுந்தது. நாய் இடப்பக்கம் தூரத்தில் திறந்து கிடந்த கேட் வழியாகச் சுற்றிப் போய் அதை எடுத்தது. எடுத்ததும் என்னை நோக்கி நேர்கோட்டில் ஓடிவந்தது. நான் ஒரு கையில் கைப்பேசி, வாயில் விசில். அருமையான காட்சி. வேலிக்கு வந்ததும் நாய் நின்றது. உட்கார்ந்தது. உருளையை வாயில் வைத்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கம்பிக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தது.

அது எனக்காகக் காத்திருந்தது. எனக்கும் வேலிக்கும் நடுவில் அறுபது அடி இருக்கும். நடுவில் சேறு, கடி எறும்புப் புற்று. நடந்து போய்க் கம்பியைத் தூக்கியிருக்க வேண்டும். ஆனால் போனால் காட்சி உடைந்துவிடும், ஷூவும் போய்விடும். மூன்று முறை குட்டியாக ஊதினேன். நாய் எழவில்லை. கேட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. "வாடா டேய், கம் கம்!" என்று கத்திவிட்டு இன்னொரு முறை ஊதினேன்.

இரண்டாம் முறை கூப்பிட்டபோது அது கீழ்ப்படிந்தது. ஓடிவந்து தாண்டவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே எம்பியது. அங்கிள் சொன்னது அப்படியே நடந்தது. பின்னங்கால் இரண்டு கம்பிக்கு நடுவில் மாட்ட, தலைகீழாகத் தொங்கியது. அது கத்திய சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. கைப்பேசியை விட்டெறிந்துவிட்டு ஓடினேன். அது வானத்தைப் பார்த்து விழுந்து, படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. நாயின் உடம்பைத் தூக்கிப் பிடித்தால் கம்பியைப் பிரிக்கக் கை இல்லை. கம்பியைப் பிடித்தால் நாய் தொங்குகிறது. குறடு காரில். கடைசியில் முப்பது கிலோ நாயைத் தோளில் முட்டுக்கொடுத்து, இரு கையாலும் கம்பியைப் பிரித்தபோது தொடைத் தோல் கிழிந்தது. அந்த வலியிலும் அது என்னைக் கடிக்கவில்லை. கீழே இறக்கியதும், வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த உருளையை எட்டி எட்டிப் பார்த்தது.

கால்நடை மருத்துவர் பதினேழு தையல் போட்டார். தசைக்குச் சேதமில்லை, ஆகஸ்டுக்குள் ஓடும் என்றார். அங்கிளை ஃபோனில் கூப்பிட்டேன். "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்ட அந்த நொடிவரை உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

"ஒரு முயல் ஓடிச்சு. அது பின்னாடி இவன் பாய்ஞ்சுட்டான்."

முயல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு பழுப்பு முயல். அதன் காதுகள்கூட எனக்குத் தெரிந்தன.

அங்கிள் கேட்டார், "முயலா? இவன் முயலுக்குப் போக மாட்டானே." பிறகு மெதுவாக, "உன் மேல தப்பில்ல, நெய்பர். நீ பதறாம தூக்கிட்டு வந்தே, தேங்க்ஸ். அவனை நம்பினதுதான் தப்பு. முயலுக்கு வேலியைத் தாண்டுற நாயைத் துப்பாக்கிக்குப் பக்கத்துல கூட்டிப்போக முடியாது. இந்த சீசன் வீட்டுல இருக்கட்டும்."

ஏழு வயது நாய்க்கு இன்னும் இரண்டு சீசன் இருக்கலாம், மூன்று இருந்தால் அதிர்ஷ்டம். அதில் ஒன்றை என் முயல் தின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். செய்த தப்பைப் பாதிக்கப்பட்டவனிடம் சொல்லாமல் சாமியிடம் சொல்வது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. அங்கே பார்க்கிங்கும் வசதி. அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

"யார் பேருக்கு?" என்றார் குருக்கள்.

"பக்கத்து வீட்டுல... கால்ல அடி. தையல் போட்டிருக்கு."

"வயசு?"

"ஏழு."

"அச்சச்சோ, குழந்தையா! நட்சத்திரம் தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"பரவால்ல, சுவாமி பேருக்கே பண்ணிடறேன். குழந்தை ஓடி ஆடணும்னு நன்னா வேண்டிக்கோங்கோ." அவர் நிஜமாகவே கண்ணை மூடி, எனக்குச் செய்வதைவிட அதிக நேரம் வேண்டினார். ஒரு வாழைப்பழத்தைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். "குழந்தைக்குக் குடுங்கோ." முயலுக்கு அடுத்து ஒரு குழந்தை. இப்படியே போனால் ஒரு மிருகக்காட்சி சாலையும் ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பித்திருப்பேன். வீட்டுக்கு வந்து பழத்தைப் பலகை வேலிக்கு மேலே அந்தப் பக்கம் போட்டு, இடுக்கில் பார்த்தேன். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிய நாய் வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஆறடி மரப்பலகை வேலி. ஜூலை முழுக்க, சாயங்காலம் அதன் அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய இன்னொரு விசில் கேட்டது. பலகை இடுக்கில் பார்த்தேன். இரண்டு நாற்காலிக்குக் குறுக்கே பிளாஸ்டிக் குழாயை வைத்து, அதை வேலியாக நினைக்கச் சொல்லி, அங்கிள் நாயை முதலிலிருந்து பழக்கிக்கொண்டிருந்தார். வலிக்கும் முட்டியோடு குனிந்து குனிந்து. நாய் ஒவ்வொரு முறையும் சரியாக உட்கார்ந்தது. அவர் பந்தை உருட்டி, "நோ, முயல் நோ" என்றார். நாய் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் நம்பவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தார்.

ஒரு ஞாயிறு, என் கைப்பேசியோடு இணைத்து வைத்திருந்த எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி, அதில் ஓடும் குடும்பப் படங்களோடு படமாக, யாரும் கேட்காமலே அந்த வீடியோவையும் ஓட்டிவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது விநாடி நாய். பிறகு வானம். பிறகு நான் அழுவது. கடைசிவரை பார்த்தாள். பிறகு ஒரு சட்டையை மடித்து வைத்தாள்.

"ஏங்க, முயல் எங்க?"

அவளிடமும் அதே முயல் கதையைத்தான் சொல்லியிருந்தேன்.

"நானும் உன்னிப்பா பாத்துட்டேன். நாய் உட்கார்ந்திருக்கு. நீங்க ஊதறீங்க, திரும்ப ஊதறீங்க. முயலைத்தான் காணோம்."

"அங்கிள் மனசு கஷ்டப்படும்னுதான்..."

"அவர் மனசா? தினம் சாயங்காலம் அந்த முட்டிய வெச்சுக்கிட்டு குனியறாரே, அது கஷ்டமில்லையா?"

"நீயே கொஞ்சம் பக்குவமா சொல்லிடேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? வாட்ஸ்அப்புக்குப் போஸ் கொடுத்தது நானா?"

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. இரவு சாப்பாட்டின்போது ஒரு தட்டை அதிகம் வைத்தாள். யாருக்கு என்றால், "உங்க முயல் வரும்ல." கடைக்குப் போகும்போது, "கேரட் வாங்கிட்டு வாங்க, ஒரு ஆள் கூடுதல்." மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது அவளிடமும், "அப்பா முயல் வளர்க்கறார்" என்றாள். ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பேசினால் மறுபடி ஏதாவது பிராணி வந்துவிடும் என்று பயந்து, பேசாமல் கைப்பேசியை நீட்டினேன். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வானம் வந்ததும் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். என் அழுகை முழுவதையும் கேட்டார். பிறகு முதலிலிருந்து ஓட்டினார். நாய் உட்காரும் இடம் வந்ததும் நிறுத்தினார். ஓட்டினார், நிறுத்தினார்.

"உட்கார்ந்தான்" என்றார்.

"ஆமா."

"நீ கூப்பிட்டும் எழலை."

"முதல் தடவை எழலை."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. கூடத்து மூலையில் படுத்திருந்த நாயின் பக்கம் போய், மாற்று முட்டியை மடக்கி, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அதன் இரண்டு காதையும் பிடித்து, நெற்றியோடு நெற்றி வைத்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்டது ஒரே வார்த்தை, சாரி. ஒரு மாதமாக அவர் நாயிடம் 'நோ' சொல்ல வைத்தது நான். சாரி கேட்பதும் அவராகவே இருந்தது. நான் வாசலில் வெள்ளை ஷூவோடு நின்றேன்.

அவரால் எழ முடியவில்லை. கையைக் கொடுத்தேன். பிடித்து எழுந்தார். எழுந்ததும் அதே கையை நீட்டிச் சொன்னார், "விசில்." சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் முழுக்க அவர் என்னோடு வானிலையைத் தவிர வேறு பேசவில்லை. சீசன் தொடங்குகிற காலையில் அவருடைய ட்ரக் சத்தம் கேட்டு, பால் பாக்கெட்டை எடுக்கப் போவது போல வாசலுக்குப் போனேன். அமெரிக்காவில் வாசலில் பால் பாக்கெட் போடுவதில்லை என்பது வெளியே போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாய் ட்ரக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய ஷூ இருக்கா?"

"இருக்கு."

"குனிய என்னால முடியாது. வேலி வந்தா கம்பியைத் தூக்க ஆள் வேணும். வாயைத் திறக்கக் கூடாது."

பழைய ஷூவோடு போனேன். நான் துப்பாக்கியைத் தொடவில்லை, விசிலைத் தொடவில்லை. என் கையில் குறடும் ஒரு தடித்த கோட்டும் மட்டும். முதல் புறா வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. நாய் வேலிவரை போய் உட்கார்ந்தது. அங்கிள் என்னைப் பார்த்தார். சேற்றையும் எறும்புப் புற்றையும் மிதித்துக்கொண்டு நடந்தேன். முள் குத்தாமலிருக்க நடுக் கம்பியின் மேல் கோட்டைப் போட்டு, கீழ்க் கம்பியை இரு கையாலும் தூக்கிப் பிடித்தேன். நாய் என் முகத்துக்கு அரையடியில் இருந்தது. தொடையில் முடி முளைக்காத கோடு ஒன்று தெரிந்தது.

அது நகரவில்லை. இந்தக் கையை நம்பலாமா என்று பார்க்கிறது என்று நினைத்தேன். இல்லை. அது என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளைத் தாண்டி அங்கிளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை அசைத்ததும் அடியில் நுழைந்து போனது. அது திரும்பி வரும்வரை கம்பியைக் கீழே இறக்காமல் குனிந்தே நின்றேன். இறக்கியிருக்கலாம், நேரம் இருந்தது.