மேசையில் தட்டியவர்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில், போதைப் பழக்கத்தையும் பூர்வகுடி மக்களின் நலத்தையும் கவனிக்க ஒரு குழு இருக்கிறது. குழு கூடுவது ஜெர்மனியின் எசன் நகரில். அந்த மக்கள் இருப்பது கனடாவின் வடக்கில். இந்தத் தூரம் எங்களில் எவரையும் உறுத்தியதில்லை. என்னைச் சேர்த்தபோது, "நீங்களும் அப்படியோர் இடத்தவர்தானே," என்றார் தலைவர். யாழ்ப்பாணம் என்றேன். "அதேதான்," என்றார் மகிழ்ச்சியாக.

சென்ற இலையுதிர்காலக் கூட்டத்தில் ஒரு விடயம் மட்டுமே முடிவாக வேண்டியிருந்தது. அந்த வடக்கில் ஒரு பூர்வகுடித் தாதி, குடியை விட்டவர்கள் தங்குவதற்கு ஒரு வீடு நடத்துகிறார். நாங்கள் ஆதரவை நீட்டிக்காவிட்டால் பனிக்கு முன் அதை மூட வேண்டும். தலைவரோ, அதை உபகுழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று எங்களிடம் முன்னரே சொல்லியிருந்தார். உபகுழு கூடுவது வசந்தத்தில்.

தாதி திரையில் தோன்றிப் பேசினார். வீட்டை மூடினால் அவர்கள் போத்தலிடம்தான் திரும்பிப் போவார்கள் என்றார். பேசி முடித்ததும் எல்லோரும் விரல் முட்டிகளால் மேசையில் தட்டினோம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கைதட்டலுக்குப் பதில் இதுதான். நல்ல உரைக்கும் தட்டுவோம், உரை முடிந்த நிம்மதிக்கும் தட்டுவோம்.

"நன்றி," என்றார் தாதி, கண்களைத் துடைத்தபடி. "வீடு மூடப்படாது என்று இப்போதே போய்ச் சொல்கிறேன்."

தட்டியதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா, நகரத்தில் போதை ஆலோசகர், அவரும் குழு உறுப்பினர், என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, பாருங்கோ. இவ்வளவு வருசமா அந்தச் சனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதின மனுசன், அந்த மனுசிக்கு முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்லுவாரோ?"

"நேர சொல்ல ஏலாது அக்கா. நாளைக்கு மின்னஞ்சலிலை சொல்லுவார்."

"அப்ப இண்டைக்கே முடிப்பம். கையைத் தூக்குங்கோ."

பிறகு அவர் ஜெர்மனில் உரத்துச் சொன்னார்: "முறைப்படி வாக்கெடுப்போம். திரையில் தாதியும் பார்க்கட்டும்."

நாங்கள் இருவரும் கை தூக்கினோம். மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன, தங்கள் கருணையில் தாங்களே உருகிய முகங்களோடு. கடைசியாகத் தலைவரின் கை, காது உயரம் வரை.

தாதிக்கு விளங்கிவிட்டது. "அப்படியென்றால் முதலில் தட்டியது என்ன?"

"எங்கள் மரியாதை," என்றார் தலைவர்.

"அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு, வீட்டில் தங்கியிருப்பவர்களிடம் செய்தி சொல்ல எழுந்து போனார் தாதி.