மாற்றிப் படித்த மூன்று சீட்டுகள்

"சார், கோதண்டம் பூட்டாரு" என்று செல்வராசு போனில் சொன்னபோது நான் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எப்போது என்று கேட்டேன். "காலையில. காப்பி குடிச்சிகினு இருந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாராம்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். பாதியில் நின்ற தாளுக்கு மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகும் மூன்று தாள்கள் திருத்தினேன். நான்காவது தாளில் ஒரு பையன் சரியாக எழுதியிருந்த விடையை அடித்திருந்தேன். அதைப் பார்த்துதான் எழுந்தேன்.

மறுநாள் அவர் ஊரான சங்கராபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் பேனர் கண்ணில் பட்டது. கண்டக்டர் உடுப்பில் கோதண்டம் சிரிக்கிறார். கீழே, 'உண்மையின் குரல் ஓய்ந்தது.' அந்த வரிக்காகவே திரும்பி அடுத்த பேருந்தில் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. மாலையைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் வந்தேன்.

இப்போது அவருக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க சார்" என்று செல்வராசு கேட்டார். இதுதான் அந்த நாலு வார்த்தை. கோதண்டத்தைத் தெரிந்தவர்கள் படிக்கத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் அரசுப் பேருந்தில் கோதண்டம் நடத்துநர். நான் தினமும் அந்த வண்டியில் போய் மலையில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துபவன். செல்வராசு தனியார் மருத்துவமனை ஒன்றில் கம்பவுண்டர். காஜா பாய் கள்ளக்குறிச்சித் தியேட்டருக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தார். ஞாயிறு காலைக் காட்சிக்கு நாங்கள் நால்வரும் போவோம். காஜா பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். கோதண்டம் யார் யாரையோ கெஞ்சி ஞாயிற்றுக்கிழமையைத் தன் ஓய்வு நாளாக வாங்கி வைத்திருந்தார்.

படம் முடிந்து கடைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது கோதண்டம் போட்ட சட்டம். முதலில் பேசுபவனின் கருத்தே மற்றவர்களின் கருத்தாகிவிடுகிறது என்பார். "ஒருத்தன் நல்லா இருக்குதுன்னு சொன்னா அடுத்தவன் தலைய ஆட்டிக்கினே ஏறிடுவான். வண்டி எங்க போவுதுன்னு கூட கேக்க மாட்டான்." அதனால், கிழித்துத் தந்த டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதி பிஸ்கெட் ஜாடியில் போட வேண்டும். பிறகு ஒருவர் எடுத்துப் படிப்பார். படிக்கும் முறை வாரத்துக்கு ஒருவர். அதன் பிறகுதான் டீ, சண்டை எல்லாம். கடைசியில் சீட்டுகள் பாய்லர் அடுப்புக்குள் போய்விடும். யார் என்ன எழுதினார் என்பதை யாரும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

இதில் பெரிய தொல்லை செல்வராசுவின் கையெழுத்து. மருந்துச் சீட்டுகளோடே வாழ்ந்து அவர் எழுத்தும் அப்படி ஆகிவிட்டது. அவர் சீட்டு வந்தால் படிப்பவர் திணறுவார். "இது இன்னாய்யா, கொசுவ அடிச்சி ஒட்டி வெச்சிருக்கியா?" என்பார் காஜா பாய். செல்வராசுவே வந்து பார்த்து, "ஏதோ நல்லதாத்தான் எழுதுனேன்" என்பார்.

கோதண்டத்தின் ஒற்றை வரிகள் ஊரில் பலருக்கும் தெரியும். நாயகன் இருபது பேரை அடித்த படத்துக்கு, "அடி வாங்குறவனுக்கு இருக்குற நடிப்பு அடிக்கிறவனுக்கு இல்ல" என்று எழுதினார். இரண்டாம் பாதி இழுத்த ஒரு படத்துக்கு, "இடைவேளையில எறங்குனவன் புத்திசாலி. நானு கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டு எடுத்துத் தொலச்சிட்டேன்." பழிவாங்கும் கதை ஒன்றில் தாய் ஐந்து நிமிடம் கதறி அழுதாள். தியேட்டரில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். கோதண்டம் எழுதியது: "அழுவுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் சும்மா இருந்திருந்தா எனக்கும் வந்திருக்கும்."

ஒரு முறைதான் அவர் கோபப்பட்டுப் பார்த்தேன். மலைவாழ் மக்களைப் பற்றிய படம் அது. தலையில் இறகு செருகி, இலை உடுத்தி, நெருப்பைச் சுற்றி ஆட விட்டிருந்தார்கள். சீட்டில் எழுதவே மாட்டேன் என்றார். "இருவது வருசமா என் வண்டியில ஏறுறாங்க சார். கடுக்கா மூட்ட, சாம மூட்ட, கைக்கொழந்தன்னு ஏறுறாங்க. ஒருத்தராச்சும் எறகு வெச்சிகினு ஏறி நீங்க பாத்திருக்கிறீங்களா?" என்று என்னிடம் சத்தம் போட்டார், நான்தான் அந்தப் படத்தை எடுத்தவன் போல. நான் முதுகலை படித்தவன். அந்தப் படத்தின் பாடல் காட்சியில் ஒளி அழகாக இருந்தது என்று சீட்டில் எழுதியிருந்தேன். அன்று அவர் முன்னால் கூசினேன். அவர் வாயிலிருந்து வருவது சரியாக இருக்கும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். என் கெட்ட காலம் அங்கே ஆரம்பித்தது.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் இயக்குநரானான். சின்னப் படம். வசனம் எழுதித் தரச் சொன்னான். கோடை விடுமுறை முழுவதும் எழுதினேன். மலையில் ஆடு மேய்க்கும் ஒருவன், ஒரு வாத்தியார், நிலத்தைப் பறிக்க வரும் ஒருவன் என்று கதை. படம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. திரையில் என் பெயர் மூன்று வினாடி நின்றது. அந்த ஞாயிறு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

எழுதியவனே சீட்டு எழுதக் கூடாது என்று ஒதுங்கி உட்கார்ந்தேன். மூன்று சீட்டுகள் ஜாடியில் விழுந்தன. அந்த வாரம் படிக்கும் முறை கோதண்டத்துடையது. முதல் சீட்டை எடுத்து, "சாரோட வசனம் மனசுல நிக்குது" என்று படித்தார். அடுத்தது, "நம்ம ஊருக்கே பெரும." மூன்றாவதைத் தன் சீட்டு என்று சொல்லிப் படித்தார்: "இவுரு இங்க இருக்க வேண்டிய ஆளு இல்ல." படித்த கையோடு மூன்றையும் அடுப்பில் போட்டார். காஜா பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவினார். செல்வராசு தரையைப் பார்த்தார். எனக்காக நெகிழ்ந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

செல்வராசுவின் சீட்டை அவர் திணறாமல் படித்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கிறுக்கலைப் படித்துப் பிழைப்பவன் நான். அதைக் கவனிக்கவில்லை.

ஊதியமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். இரண்டரை ஆண்டுகள். கதை பேசும் அறைகளில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் பத்தாம் வகுப்பு முடித்தது எனக்குப் புகைப்படமாகத்தான் தெரியும். ஓர் இளம் இயக்குநர் நான் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு, "சார், இதில் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுறாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான். எங்கள் ஊரில் சினிமா தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எந்த அறைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது எனக்கு இளையவர் தலைமை ஆசிரியராக உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் பணியேற்புக் கடிதம் கொடுத்தேன்.

முதல் திங்கட்கிழமை கோதண்டத்தின் வண்டியில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சென்னையில் ஒருவனுக்கும் ரசனை இல்லை, நீங்கள் மூன்று பேர் எழுதினீர்களே, அது போதும் எனக்கு என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தேன். கோமுகி அணை கீழே போய்விட்டது. வண்டி ஏற ஆரம்பித்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னிக்கி நானு படிச்சது எதுவும் சீட்டுல இல்ல சார்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "பாய் எழுதுனது, 'ரெண்டு தடவ தூங்கிட்டேன். ரெண்டு தடவ முழிச்சப்பவும் யாரோ பேசிக்கினுதான் இருந்தாங்க.' செல்வராசு எழுதுனது இன்னான்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல."

"நீங்க எழுதினது?"

பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார். "ஆடு மேய்க்கிறவனும் வாத்தியாரு மாதிரியே பேசுறான்."

ஏன் மாற்றிப் படித்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் வண்டி முழுவதும் கேட்டிருக்க வேண்டும். முன்சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க புதுச் சட்ட போட்டுகினு வந்தீங்க சார். மடிப்பு கூட கலையல. மனசு வரல. நீங்க வேலைய வுட்டுட்டுப் போவீங்கன்னு நானு இன்னாத்தக் கண்டேன்?"

"வண்டிய நிறுத்துங்க."

"இங்க ஸ்டாப் இல்ல சார்."

"நிறுத்துங்க."

விசில் அடித்தார். இறங்கினேன். மீதி வளைவுகளை நடந்தே ஏறினேன். பள்ளிக்கு வாழ்க்கையில் முதல் முறை தாமதமாகப் போனேன்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அதே வண்டியில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனேன். வேறு வண்டி அந்த நேரத்துக்கு இல்லை. அவர் கேட்காமலே வெள்ளிமலை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். நான் பார்க்காமல் வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பும் நின்றுபோனது. தியேட்டர் கல்யாண மண்டபமானது. ஆனால் கோதண்டம் படம் பார்ப்பதை விடவில்லை. திங்கட்கிழமை காலையில் ஓட்டுநரிடம் படத்தைப் பற்றிச் சொல்வார், கடைசி சீட்டு வரை கேட்கிற குரலில். நான் மறுத்துப் பேசக்கூடிய இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு, "இன்னா சொல்றீங்க?" என்பார். ஓட்டுநர், "நானு படமே பாக்கல, இன்னாத்த சொல்றது?" என்பார். ஒரு முறை வெறும் வித்தை மட்டுமே காட்டிய ஒரு படத்தைத் தலையில் தூக்கிவைத்துப் பேசினார். பதில் என் நாக்கின் நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அந்தப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் அவருக்குச் சால்வை போட்டார்கள். நான் பின்கதவு வழியாக இறங்கிப் போனேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. பந்தலில் வரிசையாகப் பேசினார்கள். உண்மை, நேர்மை, ஒளிவு மறைவு இல்லாத வாய். பிறகு செல்வராசு எழுந்து, கோதண்டத்துக்குப் பிடித்த முறையில் அஞ்சலி செய்வோம் என்றார். காஜா பாய் அந்தப் பழைய ஜாடியையே கொண்டுவந்திருந்தார். நாங்கள் மூவரும் எழுதிப் போட்டோம். "சார் படிக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். பழைய முறைக் கணக்கில் அது என் வாரமாகக்கூட இருந்திருக்கலாம்.

காஜா பாயின் சீட்டு: "டீக்கு சக்கர கம்மியா கேப்பாரு. பேச்சுக்கும் அப்பிடித்தான்." செல்வராசுவின் சீட்டோடு போராடி, மூன்று இடத்தில் நின்று, ஏதோ ஒன்றைப் படித்தேன். பந்தலில் சிரிப்பு எழுந்தது. மூன்றாவது என்னுடையது.

கோதண்டத்தின் மனைவி சரோஜா முன் வரிசையில் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "உங்களுது தான சார்? படிங்க. எந்தப் படத்துக்குப் போயிட்டு வந்தாலும், சார் இன்னா சொல்லுவாருன்னுதான் கேட்டுகினு இருப்பாரு" என்றார்.

சீட்டைப் பார்த்தேன். எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. என் எழுத்து எப்போதும் தெளிவு. "உண்மையின் குரல் ஓய்ந்தது" என்று படித்தேன்.

அந்தப் பேனர் வரியைத்தான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சரோஜா தலையை ஆட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கி வந்ததும் செல்வராசு என் தோளைத் தொட்டார். "தடங்கலே இல்லாம படிச்சீங்க சார்" என்றார்.

நான் கோதண்டத்தை மன்னித்துவிட்டதாக இந்த மலரில் யாரும் எழுத வேண்டாம். ஒரு சட்டையின் மடிப்புக்காக என் இரண்டரை ஆண்டுகளை அடுப்பில் போட்டவர் அவர். அந்த ஆடு மேய்ப்பவனைப் பற்றிய வரியை அன்றே படித்திருந்தால் நான் ஒரு வாரம் கோபமாக இருந்திருப்பேன்; பிறகு இன்னொரு வசனத்தை ஒழுங்காக எழுதியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்த காஜா பாய்க்கும் செல்வராசுவுக்கும் அதில் பங்கு உண்டு.

காஜா பாய் மற்ற இரண்டு சீட்டுகளையும் பந்தலுக்குப் பின்னால் சமையல் அடுப்பில் போட்டார். என்னுடையதை நான் கொடுக்கவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவர் கிழித்துக் கொடுத்த பழைய வெள்ளிமலை டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியது. அதில் உள்ளது இது: "எல்லாப் படத்துக்கும் உண்மை சொன்னார். எனக்கு மட்டும் இல்லை."

சரோஜா அம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்று தெரியும். மலர் வந்ததும் செல்வராசுவோ காஜா பாயோதான் படித்துக் காட்டுவீர்கள். இந்தப் பக்கம் வரும்போது எப்படிப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.