சிவப்பு நீலக் கண்ணாடி

த்ரீடி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் அந்தக் கூத்து நடந்தபோதுதான் அப்பாவின் இடது கண் போய்க்கொண்டிருந்தது. காப்பாற்றியிருக்கலாம்.

துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணன் இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று கொண்டுவந்தான். என் மகளின் காதுகுத்துக்குப் பேசியிருந்த போட்டோகிராபரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவோம்? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே எடுத்தான். ஆல்பம் முழுக்கத் தாய்மாமனே இல்லை! இருக்கிற முகங்களுக்கும் சிவப்பில் ஓர் ஓரம், நீலத்தில் ஓர் ஓரம். இடது கண்ணுக்குச் சிவப்பும் வலது கண்ணுக்கு நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடியைப் போட்டால்தான் படம் எழுந்து நிற்கும்.

ஆலங்குடியே எங்கள் வீட்டுக்குத் திரண்டு வந்தது. வந்தவர்களுக்குக் காபிக்கு முன்னால் கண்ணாடியைக் கொடுத்தோம். ஆசாரி ஊசியோடு கையை நீட்டுகிற படம்தான் பிரசித்தம். ஊசி மூக்குக்கு நேரே வர, தலையைப் பின்னால் இழுக்காதவர் இல்லை. முந்திரி வாங்க வந்த வியாபாரிகூட விலை பேசுவதை விட்டுவிட்டு இரண்டு தடவை பார்த்தார்.

அப்பா மட்டும், "ஒரே நீலமாவுல்ல இருக்கு" என்றார்.

"கண்ணாடிய ஒழுங்காப் போட்டுப் பாருங்கப்பா!" என்று அண்ணன் கத்தினான். நானும்தான். வருகிறவர்கள் முன்னால் உட்காரவைத்து மறுபடி மறுபடி காட்டினோம். வீம்புக்குச் சொல்கிறார் என்று ஏசினோம். நாலாம் நாள் அவரும் தலையைப் பின்னால் இழுத்து, "ஆமா, தெரியுது, தெரியுது" என்றார். அப்புறம்தான் விட்டோம்.

மோகம் ஆறு மாதம் தாங்கவில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்தது. அதில் பார்க்கக் கண்ணாடி வேண்டியதில்லை. அட்டைக் கண்ணாடிகள் கிழிந்தன, கேமரா பீரோ மேல் ஏறியது, அண்ணன் அடுத்த லீவில் வேறெதையோ தூக்கிக்கொண்டு வந்தான். அப்பா காபியை டம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். அதற்கும் நிதானமில்லை என்று திட்டினேன்.

போன மாதம்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணில் நீரழுத்தமாம், இடது கண்ணின் நரம்பு செத்துப் பல வருஷம் ஆகிறதாம். எனக்கு ஆல்பமும், அப்பா சொன்ன நீலமும் ஞாபகம் வந்தன. சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு கண்ணும் பாத்தாத்தாம்மா அந்தப் படம் எழுந்து நிக்கும். அப்பவே வந்திருந்தா, இருந்த பார்வையவாவது காப்பாத்தியிருக்கலாம்."

வெளியே வந்ததும் ஆத்திரம் முழுவதையும் அப்பாவிடமே காட்டினேன். "தெரியாததத் தெரியுதுன்னு ஏம்ப்பா சொன்னீங்க?"

"ஒங்கண்ணன் அம்புட்டுத் தூரத்துலேர்ந்து ஆசையாக் கொண்டாந்தான். தெரியல தெரியலன்னு சொன்னாலும் நீங்க ரெண்டு பேரும் விடுறதாயில்ல. மத்தவுக மாதிரி தலையப் பின்னால இழுத்தா விட்டுருவீகன்னு தோணுச்சு" என்றார். "இழுத்துட்டேன்ம்மா."