அட்டு வாத்தியார்

என் அக்கா புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் ‘அட்டு வாத்தியார்’. மாடியில் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கிறார். எவனாவது ‘குட் இன் மேத்ஸ்’ என்றால் போதும், “அட்! அட்! குட் அட் மேத்ஸ்!” என்று ஸ்கேலால் மேசையை அறைவார். அந்த ‘அட்’டுதான் பெயரானது. ‘அட்டு’ என்றால் அழுக்கு; அந்த அர்த்தத்திலும் அது அவருக்குப் பொருத்தம்தான்.

ஈரத் துண்டைக் கட்டிலில் எறிவார். தின்ற தட்டிலேயே கை கழுவி, வாய் கொப்பளித்து அதிலேயே துப்புவார். அள்ளிப்போடுவது என் அக்கா.

போன மாதம் அவளுக்கு ஒரு வழி பிறந்தது. பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை காலி; நேரில் வரச் சொன்னார்கள். பகல் முழுக்க அந்த மனுஷன் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம் என்பதே அவளுக்குப் பெரிய விடுதலை. வேலைக்கு எடுக்குமுன் நிர்வாகி அம்மா மட்டும் இங்கிலீஷில் ஏதாவது கேட்பாராம்.

அத்தான் சும்மா விடுவாரா? ட்யூஷன் கூட்டத்துக்கு நடுவிலேயே அவளை நிறுத்தினார்.

“குழந்தைங்களை நல்லா பார்த்துக்குவேன்னு எப்படிச் சொல்லுவ?”

“குட் அட் சில்ட்ரன்.”

“மக்கு! திறமைக்குத்தான் அட். பிள்ளைங்ககிட்ட பக்குவமா பழகினா வித். உடம்புக்கு நல்லதுன்னா ஃபார். ஒருத்தர்கிட்ட அன்பா நடந்துக்கிட்டா டு. மண்டையில ஏறுதா?”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

காப்பகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். குழந்தைகளிடம் எப்படி இருப்பீர்கள் என்றுதான் அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டார். அக்கா “ஐ ஆம் குட்...” என்றாள். அதோடு நின்றாள். அட்டா, வித்தா, ஃபாரா? தவழ்ந்து வந்த ஒரு குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதை யார் பார்த்தார்கள்? “பேச்சே வரலையேம்மா,” என்று நிர்வாகி அம்மா அனுப்பிவிட்டார்.

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடைக்கவில்லை என்றதும், “எந்த ப்ரெபொசிஷன்ல சறுக்கின?” என்றார். சீ, ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா இது!

அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். குரல் உயரவே இல்லை.

“யூ ஆர் குட் அட் இங்கிலீஷ். யூ ஆர் நாட் குட் டு மீ.”

கல்யாணமான நாளிலிருந்து வாயைப் பொத்திக் கிடந்தவள். இப்போதாவது தலை குனிவார் என்று பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டினார். “கரெக்ட். அங்க டு-தான் வரணும். இவ்வளவு தெரிஞ்சவ அங்க ஏன் முழிச்ச?”

தட்டிலேயே கை கழுவி, துப்பி, அவளிடம் நீட்டினார்.