வளைவில் இரண்டு தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடுவதே வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காகத்தான். பேய், ஆவி, காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். எங்கள் கடைக்கு எதிரே பூட்டிக் கிடந்த கட்டடத்தில் ஏதோ நடமாடுகிறது என்று ஓசூரே பேசியபோது, டார்ச் லைட்டோடு உள்ளே போய்ப் பெருச்சாளியைக் காட்டியவன் நான்தான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஓசூரில் என் மச்சான் கோவிந்தனோடு சேர்ந்து பைக் ஷோரூம் நடத்திக்கொண்டிருந்த காலம். எனக்கு ஓட்டம்தான் பைத்தியம். மழையோ பனியோ, விடியும் முன்னே இராயக்கோட்டை ரோட்டில் முனிராஜ் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, இரண்டு பேருமாகச் சானமாவுக் காட்டை ஒட்டி ஓடுவோம். முனிராஜ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. நாள் முழுக்க இரும்புத் தகடு அடிக்கிற சத்தத்தில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. ஓங்கிப் பேசினால் கேட்கும், கை தட்டினால் கேட்கும், இலை அசைந்தால் கேட்காது. அந்த ரோட்டில் இலை அசைவது கேட்காதவன் கதி என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராகி முற்றுகிற பருவத்தில் யானைகள் வயலில் இறங்கி மேய்ந்துவிட்டு விடியற்காலையில்தான் காட்டுக்குத் திரும்பும். பனி வேறு. பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான்தான் முன்னால் ஓடுவேன். வளைவு வந்ததும் எட்டிப் பார்த்து, பாதை காலி என்றால் கையை இரண்டு முறை தட்டுவேன். ‘வா’ என்று அர்த்தம். அவனும் இரண்டு தட்டு தட்டிவிட்டு வருவான். தட்டு வராவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவன் தட்டை ஆயிரம் பேர் நடுவில் வைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன், ஏனென்றால் பிரஸ்ஸில் மாட்டிய அவன் விரல் ஒன்று மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது, தட்டினால் டொப்பு டொப்பு என்று காற்றுப் போன சத்தமாக வரும்.

அந்த வருஷம் வண்டி நன்றாக விற்றது என்று, வண்டிக் கம்பெனிக்காரர்கள் டீலர்களைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து கப்பலில் சுற்றிக்காட்டுவதாகச் சொன்னார்கள். சரியாகக் கார்த்திகைப் பனியில். கிளம்புவதற்கு முன்னால் முனியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

“நான் வர்ற வரைக்கும் காட்டுப் பக்கம் கால வெக்காத. ஓடணும்னா ஓசூர் பக்கமா ஓடு.”

“லாரிக்காரன் ஏத்திட்டுப் போனா?”

“அவன் லைட்டு போட்டுக்கினு வருவான். பெரியவரு லைட்டு போட மாட்டாரு.”

காட்டோரத்தில் நாங்கள் யானை என்று பேர் சொல்வதில்லை, பெரியவர்தான். அவன் மனைவி சரோஜா உள்ளேயிருந்து, “நல்லா சொல்லுங்கண்ணா, நீங்க சொன்னாதான் இந்த மனுசன் காதுல ஏறும்” என்றாள். முனி சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தான். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். அதனால்தான் நான் அவ்வளவு அழுத்திச் சொன்னது.

கப்பலா அது! நம் பஸ் ஸ்டாண்டைப் போல நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடலில் மிதக்கவிட்டிருந்தார்கள். மச்சான் சாப்பாட்டுக் கூடத்தை விட்டு நகரவில்லை. நானோ கைக்கடிகாரத்தைக்கூட மாற்றவில்லை. என் உடம்பு ஓசூர் நேரத்துக்குப் பழகியது, அதைக் கெடுப்பானேன்? ஓசூரில் ஐந்தரை என்றால் அங்கே எட்டு. எல்லாரும் தட்டை ஏந்தி நிற்கும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.

“ஊர்லதான் ஓடியே சாவுற, இங்கியுமா? உக்காரு மாப்ள, அன்னாசிப் பழம் எப்டி வெட்டி வெச்சிருக்கான் பாரு” என்பார் மச்சான்.

முதல் நாள் ஜிம்முக்குப் போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடி, அதைப் பார்த்து வரிசையாக டிரெட்மில், அதற்கு அப்பால் கடல். கப்பல் எழும்பும்போது கால் கனக்கிறது, இறங்கும்போது கால் தரையில் பட மாட்டேன் என்கிறது, தூக்கத்தில் ஓடுவோமே, எவ்வளவு ஓடினாலும் நகர மாட்டோமே, அந்த மாதிரி. இறங்கிவிட்டேன். டம்பெல்லை எடுத்து என் கணக்குக்குத் தூக்கிவிட்டு மேல்தளத்துக்கு ஏறினேன். அங்கே கப்பலைச் சுற்றி ஓடுவதற்கென்றே பச்சையாக ரப்பர் தரை போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் அதுதான் வழக்கம், ஜிம்மில் கொஞ்ச நேரம், பிறகு மேலே ஓட்டம்.

பழக்கதோஷம் பாருங்கள், முதல் வளைவு வந்ததும் என் கை தானாக இரண்டு தட்டு தட்டியது. நடுக்கடலில் எந்த யானை வரப்போகிறது? ஆனாலும் வளைவுக்கு வளைவு தட்டினேன், தட்டாமல் திரும்பினால் ஏதோ குறைவது போல இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, நான் கைதட்டச் சொல்கிறேன் என்று நினைத்து அவளும் தட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டினாள், மகராசி.

கப்பல் திரும்புவதற்கு முந்தின நாள்தான் அது நடந்தது. விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேலே போனால் கடலும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. கைப்பிடிக் கம்பி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்து அப்புறம் கரைந்துபோனது. பாட்டி போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். நான் ஓட ஆரம்பித்தேன். உடம்பு லேசாக இருந்தது, மூச்சே வாங்கவில்லை. வளைவில் தட்டினேன்.

பின்னாலிருந்து டொப்பு டொப்பு என்று பதில் வந்தது.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம். முனி வருகிறான் என்று சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான், அவன் எப்படிக் கப்பலில் இருப்பான் என்ற கேள்வியே எழவில்லை. காற்றில் உப்பு வாடை போய் நனைந்த தைல மரத்து வாசனை வந்தது, அறுத்துப் போட்ட ராகித் தாள் வாசனை வந்தது. காலுக்கடியில் ரப்பர் தரை ஈர மண்ணாக அமுங்கியது. அடுத்த வளைவில் தட்டினேன், அவனும் தட்டினான். அதற்கடுத்ததிலும் அப்படியே. எவ்வளவு நேரம் அப்படி ஓடினேன் என்று தெரியாது, அப்படியே ஓடிக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஓடியதே இல்லை.

அப்புறம் அந்த வாடை வந்தது. சாணியும் ஈரத் தோலும் கலந்த வாடை, ஒருமுறை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது. அடுத்த வளைவில் வெள்ளைக்குள்ளே பெரிதாக ஒன்று கறுத்து நின்றது. முறம் போல ஒரு காது மெல்ல அசைந்தது.

“முனீ! நில்லுடா! பெரியவரு நிக்கிறாரு!”

தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாடை போய்விட்டது, காலடியில் பழைய ரப்பர் தரை. பாட்டி பதறி எழுந்து நின்றாள். ஆனால் ஒன்று. நான்தான் நின்றுவிட்டேனே, என் முன்னால் யாரும் ஓடவும் இல்லை, ஆனால் ஷூ சத்தம் மட்டும் எனக்கு முன்னால் தப்பு தப்பு என்று அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. வளைவு திரும்பி மறைந்தது.

மச்சானிடம் சொன்னேன். “வெறும் வயித்துல ஓடாதன்னா கேக்கறியா? பித்தம் தலைக்கு ஏறிடிச்சி” என்று ஒரு தட்டு நிறைய அள்ளி என் முன்னால் வைத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. முனிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே மனசு அடித்துக்கொண்டது. கப்பலில் என் செல்போனுக்குச் சிக்னல் இல்லை. கரையில் இறங்கியதும் முதல் வேலையாகப் பூத்துக்கு ஓடினேன். சரோஜா எடுத்தாள்.

“காய்ச்சல்ல படுத்திருக்காருண்ணா. என்னாத்தையோ பாத்து பயந்துட்டாரு. உங்க பேரைத்தான் சொல்லிக்கினே இருக்காரு.”

உயிரோடு இருக்கிறான். அந்தப் பூத்துக்குள்ளேயே நான் அழுதுவிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஊருக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“குடுத்த வாக்க நான் மீறல குரு. ஓசூர் பக்கமாதான் திரும்பினன். காட்டுப் பக்கத்திலிருந்து நீ ரெண்டு தட்டு தட்டின. ட்ரிப்பு கேன்சல் ஆயிடிச்சி போல, விளையாட்டு காட்டுறான்னு நெனச்சன். பின்னாடியே வந்தன். வளைவுக்கு வளைவு தட்டிக்கினே போன. பனியில உன் முதுகு தெரிஞ்சிது.”

‘வா’ என்று தட்டியது நான்தானே, நடுக்கடலில் நின்றுகொண்டு, வேலை வெட்டி இல்லாமல். “அப்புறம்?” என்றேன்.

“நில்லுடான்னு கத்தின. நின்னுட்டன். எதிர்ல ஒத்தக் கொம்பன், கை நீட்டினா தும்பிக்க படும். அது என்னப் பாத்துக்கினே இருந்து, அப்புறம் ராகிக் காட்டுக்குள்ள இறங்கிப் போயிடிச்சி. என்ன இட்டுக்கினு போனதும் நீ, நிறுத்தினதும் நீ.” என் கையைப் பிடித்தான். “ஆனா நீ நிக்கல குரு. கத்திட்டு, அதத் தாண்டி நேரா ஓடிட்ட. திரும்பி வருவ வருவன்னு பாத்துக்கினே நின்னன்.”

சரோஜாவுக்குத் தையில் பெண் குழந்தை பிறந்தது, இப்போது கல்லூரி போகிறாள். நானும் முனியும் இன்னும் அந்த ரோட்டில்தான் ஓடுகிறோம், நான் முன்னால், அவன் பின்னால். பனிக்காலத்தில் வளைவில் நான் தட்டுவேன், பின்னாலிருந்து டொப்பு டொப்பு என்று வரும். அது ஓய்ந்த பிறகு, முன்னாலிருந்து, காட்டுக்குள்ளேயிருந்து இன்னும் இரண்டு தட்டு வரும். என் தட்டு மாதிரியே இருக்கும். எதிரொலி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். முனிக்குக் காது மந்தம், அவ்வளவு தூரத்துத் தட்டு அவனுக்குக் கேட்காது என்பதால் அவனிடம் சொன்னதே இல்லை.

போன மார்கழியில் ஓடி முடித்து, அவன் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தோம். முனி நிமிராமலே சொன்னான்.

“இன்னிக்கி அவன் ரொம்ப தூரம் போயிட்டான் குரு. தட்டறது சரியாவே கேக்கல.”